கம்பிவால் தகைவிலான்

கம்பிவால் தகைவிலான் என்பது தகைவிலான் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறிய பறவை ஆகும். ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்திற்குத் தெற்கேயுள்ள பகுதிகளிலும், தெற்காசியாவிலும், தென்கிழக்காசியாவின் பெருநிலப் பகுதியிலும் இது காணப்படுகிறது. இதன் அறிவியல் பெயர் ஹிருண்டோ ஸ்மிதியை என்பதாகும். தகைவிலான்கள் பலவும் நீர்நிலைகளின் மேல் இரை தேடக்கூடியவை. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றை விட இப்பறவை நீருடன் மிக நெருங்கிய தொடர்புடையது. ஆறு, ஏரி, கால்வாய், அணைக்கட்டு ஆகியவற்றை ஒட்டியே இது வாழ்கிறது; கூடு கட்டுவதும் பெரும்பாலும் நீருக்கு மேலேயோ அருகிலோதான்.

வாலின் வெளிப்புற இறகுகள் இரண்டும் மெல்லிய கம்பிகளைப் போல நீண்டிருப்பதால் இதற்கு இப்பெயர் வந்தது. எனினும் பெயருக்குக் காரணமான இக்கம்பிகளே இப்பறவையை இனங்காண்பதில் நம்பகம் குறைந்த அடையாளமாக உள்ளன. அவை எளிதில் ஒடிந்துவிடும். தொலைவிலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் புலப்படா. இளம் பறவைகளுக்கு அவை இருப்பதில்லை. செம்பழுப்பு நிறத் தலையுச்சி, தொண்டை முதல் வாலடி வரை பட்டையோ வரியோ இல்லாத வெண்மை, பளபளக்கும் கருநீல முதுகு ஆகிய மூன்றும் சேர்ந்தே இப்பறவையை உறுதிப்படுத்துகின்றன.

வகைப்பாடு

திணை: விலங்குகள்
தொகுதி: முதுகுநாணிகள்
வகுப்பு: பறவைகள்
வரிசை: பாசரிபார்மிஸ்
குடும்பம்: ஹிருண்டினிடே (தகைவிலான்கள்)
பேரினம்: ஹிருண்டோ
இனம்: ஹிருண்டோ ஸ்மிதியை

பெயர்

தகைவு என்னும் சொல்லுக்குத் தடை, இளைப்பு ஆகிய பொருள்கள் உண்டு. எனவே தகைவிலான் என்பதற்கு இளைப்பின்றிப் பறப்பது எனப் பொருள் கொள்ளலாம். பகற்பொழுதின் பெரும்பகுதியை வானிலேயே கழித்து, பறந்தபடியே உண்டு, பறந்தபடியே நீரருந்தும் இப்பறவைகளுக்கு இப்பெயர் நன்கு பொருந்துகிறது.

அறிவியல் பெயரின் பின்பகுதி, நார்வே நாட்டுத் தாவரவியலாளர் கிறிஸ்டன் ஸ்மித்தின் நினைவாக இடப்பட்டது. 1816 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிங்ஸ்டன் டக்கியின் தலைமையில் ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றை ஆராயச் சென்ற பிரித்தானியக் குழுவில் ஸ்மித் இடம்பெற்றிருந்தார். அப்பயணத்தில் குழுவினர் பலர் காய்ச்சலால் மாண்டனர். ஸ்மித்தும் டக்கியும் அதே ஆண்டில் உயிரிழந்தனர். பயணத்தில் சேகரிக்கப்பட்ட உயிரினங்களை ஆராய்ந்த பிரித்தானிய அருங்காட்சியக விலங்கியலாளர் வில்லியம் எல்ஃபர்ட் லீச், 1818 ஆம் ஆண்டில் இப்பறவையை விவரித்து ஸ்மித்தின் பெயரைச் சூட்டினார்.

கிளையினங்கள்

இவ்வினத்தில் இரண்டு கிளையினங்கள் ஏற்கப்பட்டுள்ளன.

1. ஹிருண்டோ ஸ்மிதியை ஸ்மிதியை (லீச், 1818): சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் வாழ்வது. வால் கம்பிகள் ஒப்பீட்டளவில் குட்டையானவை.

2. ஹிருண்டோ ஸ்மிதியை பிலிபெரா (ஸ்டீபன்ஸ், 1826): ஆசியாவில் வாழ்வது. ஆப்பிரிக்கக் கிளையினத்தை விடச் சற்றுப் பெரியது. வால் கம்பிகளும் நீளமானவை. பிலிபெரா என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'நூலைத் தாங்கியது' என்று பொருள்.

பரவல்

ஆப்பிரிக்காவில் வெப்பமண்டலப் புல்வெளிப் பகுதிகளிலும் ஆற்றங்கரைகளிலும் இப்பறவை பரவலாகக் காணப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் குருகர் தேசியப் பூங்காவில் ஆறுகளைக் கடக்கும் தாழ்வான பாலங்களில் இதனை எளிதாகக் காணலாம். ஆசியாவில் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, நேபாளம், வங்காளதேசம், மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் இது வாழ்கிறது. இலங்கையில் இது இயல்பாக வாழும் பறவையன்று.

பெரும்பாலான இடங்களில் இது ஆண்டு முழுவதும் தங்கி வாழும் பறவை ஆகும். பாகிஸ்தானிலும் வட இந்தியாவிலும் வாழும் பறவைகளில் ஒரு பகுதி குளிர்காலத்தில் தெற்கு நோக்கி இடம்பெயர்கிறது. தமிழ்நாட்டில் ஆறுகள், ஏரிகள், நீர்த்தேக்கங்கள் ஆகியவற்றை ஒட்டி இது காணப்படுகிறது.

உடலமைப்பு

வால் கம்பிகளைச் சேர்க்காமல் அளந்தால் இப்பறவையின் நீளம் ஏறத்தாழ 14 செ.மீ. ஆகும். முழுமையாக வளர்ந்த ஆசியக் கிளையின ஆண் பறவையில் கம்பிகள் உடலின் பாதி நீளத்தையும் கடக்கக்கூடும்.

தலையுச்சி நெற்றி முதல் பிடரி வரை செம்பழுப்பு நிறமுடையது. இச்செம்பழுப்புத் தொப்பிக்குக் கீழே அலகின் அடியிலிருந்து கண்ணினூடாகக் காது வரை கருநீல முகமூடி போன்ற பட்டை ஓடுகிறது. பிடரிக்குக் கீழேயுள்ள முதுகு, பிட்டம், வாலின் மேற்பகுதி ஆகியவை உலோகப் பளபளப்புள்ள கருநீல நிறமுடையவை. தாடை, தொண்டை, மார்பு, வயிறு, வாலடி ஆகியவை தூய வெண்மையானவை. மார்பின் பக்கங்களிலும், வாலடிக்கு அருகே இருபுறமும் சிறு கரிய திட்டுகள் இருக்கும். ஆனால் அவை குறுக்கே இணைந்து பட்டையாக அமைவதில்லை.

சிறகின் அடிப்பகுதியில் முன்புறம் வெண்மையாகவும், பறத்தலுக்குரிய பெரிய இறகுகள் கருமையாகவும் இருக்கும். வாலில் மற்றத் தகைவிலான்களைப் போலவே ஆறு இணைகளாகப் பன்னிரண்டு இறகுகள் உள்ளன. அவற்றுள் வெளிப்புற இணை மட்டுமே கம்பியாக நீள்கிறது. பறவை வாலை விரிக்கும்போது இறகுகளில் வெண்புள்ளிகள் தெரியும்.

ஆணும் பெண்ணும் ஒரே தோற்றமுடையவை. பெண்ணின் கம்பிகள் குட்டையானவை. இளம் பறவைகளின் தலையுச்சி செம்பழுப்பாக இல்லாமல் மங்கிய பழுப்பாக இருக்கும். முதுகின் பளபளப்பும் குறைவு. கம்பிகள் வளர்ந்திருக்கா.

களத்தில் இனங்காணல்

தகைவிலான்கள் வேகமாகவும் அடிக்கடித் திசை மாறியும் பறப்பவை. ஒரு பறவையை ஒரு சில நொடிகளே தொடர்ந்து பார்க்க முடியும். எனவே எந்த உறுப்பை முதலில் நோக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது பயனுள்ளது. பின்வரும் வரிசை களத்தில் உதவக்கூடியது.

முதலாவது, அது தகைவிலான்தானா எனத் தெளிதல் வேண்டும். உழவாரன் எனப்படும் பறவைகள் தோற்றத்தில் தகைவிலான்களைப் போன்றவை. ஆனால் அவை வேறு வரிசையைச் சேர்ந்தவை. ஓசனிச்சிட்டுகளுக்கு நெருங்கிய உறவினங்கள். உழவாரன்களின் சிறகுகள் அரிவாள் போல நீண்டு வளைந்திருக்கும். சிறகடிப்பு விறைப்பாக இருக்கும். அவற்றின் கால் அமைப்பு கிளையிலோ கம்பியிலோ அமர ஏற்றதன்று. எனவே மின்கம்பியில் நேராக அமர்ந்திருக்கும் பறவை உழவாரன் அன்று என உறுதியாகக் கூறலாம்.

இரண்டாவது, அடிப்பகுதியை நோக்க வேண்டும். கம்பிவால் தகைவிலானின் அடிப்பகுதி, பறக்கும்போது கீழிருந்து பார்ப்பவருக்குப் பளிச்சென வெண்மையாகத் தெரியும். தொண்டையிலும் மார்பிலும் நிறமோ பட்டையோ வரியோ இருக்குமாயின் அது கம்பிவால் தகைவிலான் அன்று. இந்த ஓர் அடையாளமே தமிழ்நாட்டில் காணப்படும் பெரும்பாலான ஒத்த இனங்களை விலக்கிவிடுகிறது.

மூன்றாவது, தலையுச்சியை நோக்க வேண்டும். நெற்றி மட்டும் செம்பழுப்பாக உள்ளதா, பிடரி வரை முழுவதும் அந்நிறம் பரவியுள்ளதா என்பதைக் கவனித்தல் முக்கியமானது. கம்பிவால் தகைவிலானில் அது பிடரி வரை பரவியிருக்கும்.

நான்காவது, பிட்டத்தை நோக்க வேண்டும். அது முதுகைப் போலவே கருநீலமாக இருக்க வேண்டும்.

வால் கம்பிகளை இறுதியாக நோக்குவதே முறை. அவை தெரிந்தால் முடிவு வலுப்பெறும். தெரியாவிட்டால் முடிவு மாறாது.

பார்க்கும் இடம்

எந்த அடையாளம் தெரியும் என்பது பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கரையில் நிற்பவருக்குத் தலைக்கு மேல் கடந்து செல்லும் பறவையின் வெண்மையான அடிப்பகுதி தெரியும், தலையுச்சி தெரியாது. பாலத்தின் மேல் நிற்பவருக்கு நீரையொட்டித் தாழ்ந்து பறக்கும் பறவையின் செம்பழுப்புத் தலையும் கருநீல முதுகும் பிட்டமும் தெரியும், அடிப்பகுதி தெரியாது. இவ்விரண்டு இடங்களிலிருந்தும் பார்த்தால் அடையாளங்கள் முழுமையாகும்.

ஒளியும் முக்கியமானது. சூரியனை நோக்கிப் பார்க்கும்போது செம்பழுப்பும் கருநீலமும் ஒன்றுபோலக் கருமையாகத் தெரியும். சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று பார்ப்பது சிறந்தது. இப்பறவை இரை தேடும் இடைவெளிகளில் மின்கம்பி, பாலத்தின் கைப்பிடிச் சுவர், படகின் விளிம்பு, நீரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பாறை அல்லது பட்ட கிளை ஆகியவற்றில் அடிக்கடி வந்து அமரும். அமர்ந்துள்ள பறவையில் எல்லா அடையாளங்களையும் ஒருங்கே காணலாம். நிழற்படம் எடுப்பதற்கும் அதுவே ஏற்ற தருணம்.

கம்பிகள் ஏன் நம்பத்தகாதவை

வால் கம்பிகள் மிக மெல்லியவை. கூட்டிற்குச் சென்று வரும்போதும் கரடுமுரடான சுவர்களில் உரசும்போதும் அவற்றில் ஒன்றோ இரண்டுமோ ஒடிந்துவிடுவது இயல்பு. ஒரு கம்பி மட்டும் உள்ள பறவைகளையும் காணலாம். மேலும் பறவைகள் தம் இறகுகளை உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும் பருவத்தில் கம்பிகளும் உதிரும். புதிய இறகுகள் முழு நீளம் பெறும் வரை வால் குட்டையாகவே தோன்றும்.

இதற்கு மாறாக, வாலில் நீண்ட இறகுகள் உள்ள பறவைகள் எல்லாம் கம்பிவால் தகைவிலான்கள் அல்ல. தகைவிலானுக்கும் செம்பிட்டத் தகைவிலானுக்கும் வாலின் ஓர இறகுகள் நீண்டிருக்கும். பச்சைப் பஞ்சுருட்டானும் மின்கம்பியில் அமர்ந்து பூச்சி பிடிப்பது. அதற்கும் வாலில் ஊசி போன்ற இறகுகள் உண்டு. ஆனால் அவை வாலின் நடுவிலிருந்து ஒன்றையொன்று ஒட்டி நீள்பவை. கம்பிவால் தகைவிலானில் அவை வாலின் இரு ஓரங்களிலிருந்து தனித்தனியே நீள்பவை. பஞ்சுருட்டானின் பச்சை நிறமும் நீண்டு வளைந்த அலகும் அதனை வேறுபடுத்திவிடும்.

ஒத்த தோற்றமுடைய பறவைகள்

தகைவிலான் (ஹிருண்டோ ரஸ்டிகா): தென்னிந்தியாவிற்குக் குளிர்கால வலசையாகப் பெருங்கூட்டமாக வருவது. நெற்றியும் தொண்டையும் செம்பழுப்பானவை, தலையுச்சி கருநீலமானது. தொண்டைக்குக் கீழே மார்பின் குறுக்கே கரிய பட்டை உண்டு. அதாவது கம்பிவால் தகைவிலானில் தலை மேல் உள்ள செம்பழுப்பு நிறம், இதில் தொண்டையில் உள்ளது. இளம் பறவைகளில் தொண்டை வெளிறியிருப்பினும் மார்புப் பட்டை தெரியும். இப்பறவைகளில் பெரும்பாலானவை கோடையின் தொடக்கத்தில் வடக்கு நோக்கித் திரும்பிவிடும். ஆகையால் சூன், சூலை மாதங்களில் தமிழ்நாட்டு ஏரி ஒன்றில் நீல முதுகுடைய தகைவிலான் காணப்படின் அது இங்கேயே தங்கி வாழும் இனங்களில் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. எனினும் பருவம் ஒரு துணைச்சான்று மட்டுமே. அடையாளங்களைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

செம்பிட்டத் தகைவிலான்: பிட்டம் செம்மஞ்சள் அல்லது வெளிறிய செம்பழுப்பு நிறமுடையது. கழுத்தின் பக்கங்களும் செம்பழுப்பானவை. அடிப்பகுதியில் மெல்லிய வரிகள் காணப்படும். வாலடி கருமையாக இருப்பதால் வால் உடலில் செருகப்பட்டதுபோலத் தோன்றும்.

வரித்தொண்டைத் தகைவிலான் (பெட்ரோகெலிடான் புளுவிகோலா): கம்பிவால் தகைவிலானுடன் மிக எளிதாகக் குழம்பக்கூடியது இதுவே. இதன் தலையுச்சியும் செம்பழுப்பானது. இதுவும் நீர்நிலைகளையும் பாலங்களையும் சார்ந்து வாழ்வது. இரண்டும் ஒரே பாலத்தினடியில் காணப்படக்கூடும். ஆனால் இதன் தொண்டையிலும் மார்பிலும் கரிய நெடுக்கு வரிகள் நெருக்கமாக உள்ளன. பிட்டம் மங்கிய பழுப்பானது. வால் ஏறக்குறையச் சதுரமாக முடிவடைகிறது, கம்பிகள் இல்லை. கம்பிவால் தகைவிலான் இணையாகவோ சிறு குடும்பமாகவோ காணப்படும். வரித்தொண்டைத் தகைவிலான் கூட்டமாகவே வாழும். கர்நாடகத்தில் காவிரியாற்றிலுள்ள அரங்கனதிட்டுப் பறவைகள் காப்பகத்தில் இதன் பெருங்கூட்டத்தைக் காணலாம்.

மலைத் தகைவிலான் (ஹிருண்டோ டோமிகோலா): மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் இலங்கை மலைப்பகுதியிலும் வாழ்வது. நெற்றியும் தொண்டையும் செம்பழுப்பானவை. மார்புப் பட்டை இல்லை. வயிறு சாம்பல் கலந்த நிறமுடையது. வாலில் கம்பிகள் இல்லை. தேயிலைத் தோட்டக் கட்டடங்களில் இதனைக் காணலாம்.

பழுப்புப் பாறைத் தகைவிலான்: உடல் முழுவதும் கரும்பழுப்பு நிறமானது. அடிப்பகுதி வெண்மையாக இராது.

சாம்பல் மரத்தகைவிலான்: பெயரில் தகைவிலான் இருப்பினும் இது ஆர்ட்டமிடே என்னும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. பனை மரங்களிலும் மின்கம்பிகளிலும் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக அமரும். உடல் சாம்பல் நிறம், அலகு தடித்தது.

ஆப்பிரிக்காவில் இதனுடன் குழம்பக்கூடிய இனங்கள் வேறானவை. வெண்தொண்டைத் தகைவிலானுக்கு மார்பில் கரிய பட்டை உண்டு. செம்பழுப்பு நெற்றியளவில் நின்றுவிடும். எத்தியோப்பியத் தகைவிலானிலும் செம்பழுப்பு நெற்றியில் மட்டுமே உள்ளது. முத்துமார்புத் தகைவிலானின் அடிப்பகுதி வெண்மையானது; ஆனால் தலையுச்சி முழுவதும் கருநீலமானது. செம்பழுப்பு பிடரி வரை பரவியுள்ளதா என்னும் கேள்வியே அங்கும் முடிவைத் தருகிறது.

இளம் பறவைகள்

கூட்டை விட்டு அண்மையில் வெளியேறிய இளம் பறவைகளுக்குச் செம்பழுப்புத் தொப்பியும் இல்லை, கம்பிகளும் இல்லை. ஆகையால் இவற்றை இனங்காண்பதே கடினமானது. பட்டையோ வரியோ இல்லாத வெளிறிய அடிப்பகுதி, பிட்டத்திலும் தொடரும் கருமை, கண்ணினூடாகச் செல்லும் கரிய பட்டை ஆகியவை உதவும். இவை தவிர, இளம் பறவைகள் கூட்டை விட்டு வந்த பின்னரும் சில நாட்கள் பெற்றோரிடம் இரை பெறுகின்றன. பாலத்தின் விளிம்பில் அமர்ந்துள்ள பறவைக்கு எந்தப் பறவை இரை கொண்டுவருகிறது என்பதைப் பார்த்தால் ஐயம் நீங்கும்.

நீருடன் உள்ள தொடர்பு

இப்பறவை நீரை விட்டு விலகாமல் வாழ்வதற்குக் காரணங்கள் மூன்று. ஒன்று உணவு. ஈக்கள், கொசு போன்ற பல பூச்சிகள் தம் இளம் பருவத்தை நீரில் கழித்து, முதிர்ந்ததும் நீர்ப்பரப்பிலிருந்து வெளிவருகின்றன. எனவே நீர்ப்பரப்பிற்குச் சற்று மேலேயுள்ள காற்றில் பூச்சிகள் மிகுந்திருக்கும். இரண்டாவது சேறு. கூடு கட்டுவதற்கு ஈரமான சேறு தேவை. கரையோரத்தில் அது எளிதில் கிடைக்கிறது. மூன்றாவது கூட்டிற்கான இடம். நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை விளிம்பின் அடியில் கட்டிய கூட்டைத் தரைவாழ் விலங்குகள் எளிதில் அணுக முடியாது. பாலம், மதகு, கலிங்கு, அணைக்கட்டு ஆகியவை இதே வசதியைத் தருவதால் இக்காலத்தில் இப்பறவை பாறைகளை விடக் கட்டடங்களிலேயே மிகுதியாகக் கூடு கட்டுகிறது.

உணவு

பறக்கும் பூச்சிகளே இதன் உணவு ஆகும். ஈக்கள் முதன்மையானவை. வண்டுகள், சிறகுள்ள எறும்புகள், ஈசல்கள் ஆகியவற்றையும் உண்ணும். இது வாயை அகலத் திறந்து பறந்தபடியே பூச்சியைப் பிடிக்கிறது. நீர் அருந்துவதும் பறந்தபடியே. நீர்ப்பரப்பைத் தொட்டுச் செல்லும்போது கீழலகால் நீரை அள்ளிக்கொள்கிறது. கால்கள் குட்டையானவை, தரையில் நடப்பதற்கு ஏற்றவையல்ல. சேறு சேகரிப்பதற்காகவே இது பெரும்பாலும் தரையில் இறங்கும்.

கூடும் இனப்பெருக்கமும்

ஆணும் பெண்ணும் சேர்ந்து அலகால் சேற்று உருண்டைகளைக் கொண்டுவந்து, செங்குத்தான சுவரில் அரைக்கிண்ண வடிவில் கூடு கட்டுகின்றன. கூட்டின் மேற்புறம் திறந்திருக்கும். உட்புறம் புல்லும் இறகும் பரப்பப்படும். வசதியான இடத்தில் அமைந்த கூட்டை மறுமுறையும் செப்பனிட்டுப் பயன்படுத்துவதுண்டு.

தகைவிலான் இனங்கள் பல கூட்டமாகக் கூடு கட்டுபவை. கம்பிவால் தகைவிலான் அவ்வாறன்று. ஒவ்வோர் இணையும் தனித்து வாழ்ந்து தன் எல்லைக்குள் பிற இணைகளை அனுமதிப்பதில்லை. ஆகையால் சிறிய பாலமொன்றின் அடியில் பெரும்பாலும் ஓர் இணையே இருக்கும்.

ஆப்பிரிக்காவில் ஓர் ஈட்டில் மூன்று அல்லது நான்கு முட்டைகளும், ஆசியாவில் ஐந்து வரையும் இடப்படுகின்றன. வெண்ணிற முட்டைகளில் செம்பழுப்புப் புள்ளிகள் காணப்படும். பெரும்பாலும் பெண் பறவையே அடைகாக்கிறது. குஞ்சுகளுக்கு ஆணும் பெண்ணும் இரையூட்டுகின்றன. இனப்பெருக்கக் காலம் இடத்திற்கு இடம் மாறுபடும்.

கூட்டின் வடிவமும் இனத்தை அறிய உதவும். மேற்புறம் திறந்த அரைக்கிண்ணம் தனியாக நீருக்கு மேல் இருந்தால் அது கம்பிவால் தகைவிலானின் கூடாக இருக்கலாம். பழுப்புப் பாறைத் தகைவிலானும் இதே வடிவில் கூடு கட்டுமாதலால், கூட்டிற்கு வந்துபோகும் பறவையையும் பார்த்தல் வேண்டும். செம்பிட்டத் தகைவிலானின் கூட்டில் குடுவை போன்ற அறையும் குழாய் போன்ற நுழைவழியும் இருக்கும். வரித்தொண்டைத் தகைவிலானின் கூடுகள் தேன்கூட்டைப் போல ஒன்றையொன்று ஒட்டிக் கொத்தாக அமைந்திருக்கும்.

பாதுகாப்பு நிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இப்பறவை 'தீவாய்ப்பு குறைந்த இனம்' என வகைப்படுத்தப்பட்டுள்ளது. இதன் பரவல் எல்லை மிகப் பெரியது. பாலங்களும் அணைகளும் கால்வாய்களும் பெருகியதால் கூடு கட்டும் இடங்களும் பெருகியுள்ளன.

எனினும் கட்டடங்களைச் சார்ந்து வாழ்வதால் சில இடர்களும் உண்டு. பாலங்களைச் செப்பனிடும்போதும் வெள்ளையடிக்கும்போதும் கூடுகள் முட்டைகளுடனோ குஞ்சுகளுடனோ அகற்றப்படக்கூடும். இணைகள் தனித்தனியே வாழ்வதால் ஒரு மதகிலுள்ள ஒரே கூட்டை அகற்றினால் அவ்விடத்தில் அப்பருவத்தின் இனப்பெருக்கம் முழுவதுமே தடைப்படும். பணியைத் தொடங்குமுன் கூடு பயன்பாட்டில் உள்ளதா எனப் பார்த்து, குஞ்சுகள் பறந்து செல்லும் வரை அப்பகுதியை மட்டும் விட்டுவைப்பது எளிய தீர்வாகும். பூச்சிக்கொல்லிகளின் மிகையான பயன்பாடு பறக்கும் பூச்சிகளைக் குறைப்பதால், பூச்சியுண்ணும் பறவைகள் அனைத்தையும் போல இதனையும் பாதிக்கக்கூடியது.

கணக்கெடுப்பும் பதிவுகளும்

தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் பொங்கலை ஒட்டி ஆர்வலர்களும் மாணவர்களும் பங்குபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பங்கேற்பவர்கள் தாம் கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் இணையத்தளத்தில் பதிவு செய்கின்றனர். சனவரி மாதத்தில் வலசை வந்த தகைவிலான்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால், அவற்றிடையே உள்ள ஓரிரு கம்பிவால் தகைவிலான்கள் கவனிக்கப்படாமல் போவது எளிது. கம்பி தெரியவில்லை என்பதற்காக இவற்றையும் தகைவிலான் எனப் பதிவு செய்தால், அந்த நீர்நிலையில் ஆண்டு முழுவதும் வாழ்ந்து குஞ்சு பொரிக்கும் ஓர் இனம் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும். வேறு கண்டப் பகுதியில் இனப்பெருக்கம் செய்யும் ஓர் இனத்தின் எண்ணிக்கை கூடிவிடும். பின்னாளில் அந்த நீர்நிலை மாசடைந்தாலோ பாலம் இடிக்கப்பட்டாலோ எது குறைந்தது என்பதை அப்பதிவுகளைக் கொண்டு அறிய இயலாது.

உறுதி செய்ய முடியாத பறவையை 'தகைவிலான் வகை' என்று பொதுவாகப் பதிவு செய்யும் வசதி இத்தளத்தில் உள்ளது. தொண்டை, மார்பு, தலையுச்சி, பிட்டம் ஆகியவற்றுள் எவற்றைப் பார்க்க முடிந்தது என்பதைக் குறிப்பில் எழுதி வைத்தால், பின்னர் பதிவைச் சரிபார்ப்பவருக்கு அது பயன்படும். கம்பிவால் தகைவிலான் எனப் பதிவு செய்வதற்கு வெண்மையான தொண்டையும் மார்பும், பிடரி வரையிலான செம்பழுப்புத் தலையும் பார்க்கப்பட்டிருப்பது போதுமானது.